குடிலுக்கு எந்தக் குண்டு

இதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. வலது கையைக் கபாலி கோயில் பக்கமும் இடது கையைச் சாந்தோம் கோயில் பக்கமும் நீட்டிச் சத்தியம் செய்கிறேன். எங்கள் மொட்டை மாடியில் நின்றால் இரண்டு கோபுரமும் தெரியும். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பார்த்துக்கொண்டிருக்கும் இடத்தில் நின்று எவன் பொய் சொல்வான்?

எங்கள் மொட்டை மாடி என்றேன். வீடு ஸ்தனிஸ்லாஸுடையது. சாந்தோமிலிருந்து பட்டினப்பாக்கத்துக்குத் திரும்பும் சந்தில், மீன் கூடைக்காரிகள் தலையிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட நடக்கும் வழியில் இருக்கிறது. நான் மாடியில் குடியிருப்பவன். கீழே ஸ்தனிஸ்லாஸ், அவர் மனைவி மர்சலின், மகள் சான்ட்ரா. ஸ்தனிஸ்லாஸ் துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். உயரத்திலேயே வேலை பார்த்ததாலோ என்னவோ, தரையில் நடக்கும் எந்தச் சண்டையிலும் கலந்துகொள்ள மாட்டார். மர்சலின் கான்வென்ட்டில் தையல் டீச்சராக இருந்தவர். அவர் பேச்சும் கத்தரிக்கோல் மாதிரிதான். நேராகப் போகும், ஓரத்தில் பிசிறு இருக்காது. சான்ட்ராவுக்குப் பழைய மகாபலிபுரம் சாலையில் கம்ப்யூட்டர் வேலை. சனி ஞாயிறுகளில் துப்பாக்கி சுடும் கிளப்புக்குப் போவாள். அங்கே காகிதத்தில் கறுப்பு வட்டம் ஒன்று இருக்கும். அதை இவள் கண்ணிமைக்காமல் சுட்டுக்கொண்டிருப்பாள். ஒருமுறை அவள் சுட்ட குண்டு ஏற்கெனவே போட்ட ஓட்டைக்குள்ளேயே போய்விட்டதால், சுடவே இல்லை என்று சொல்லி மறுபடி சுடச் சொன்னார்களாம். மறுபடியும் அதற்குள்ளேயே போனதாம்.

அந்தக் குடும்பத்துக்கு ஒரு சொத்து உண்டு. கிறிஸ்துமஸ் குடிலுக்கு வைக்கும் மரச் சொரூபங்கள். மாதா, சூசையப்பர், பாலன், ஒரு கழுதை, ஒரு மாடு. போர்த்துகீசியர் கப்பல் ஒன்று சாந்தோம் கரையில் தரைதட்டியபோது மாதா தானே மிதந்து வந்து ஸ்தனிஸ்லாஸின் மூதாதை வலையில் ஏறினார் என்பது வீட்டுக் கதை. சூசையப்பருக்கு நீச்சல் தெரியாது. அவர் கழுதையைப் பிடித்துக்கொண்டு மறுநாள் வந்து சேர்ந்தார்.

டிசம்பர் பிறந்ததும் மர்சலின் கூடத்து மூலையில் குடில் கட்டுவார். கரித்தூள் பூசிய காகிதத்தில் மலை, தட்டில் முளைக்க வைத்த கேழ்வரகுப் பயிரில் புல்வெளி, பட்டினப்பாக்கத்து மணலில் பாதை. எல்லாரும் வந்து நின்றுவிடுவார்கள். தொட்டில் மட்டும் காலியாக இருக்கும். பாலன் இருபத்துநாலாம் தேதி பூசை முடிந்துதான் அதில் படுப்பார். அதுவரை பீரோவில், மர்சலினின் கல்யாணப் புடவைக்குள் தூக்கம்.

அந்த வீட்டில் இன்னொரு வழக்கம் உண்டு. வேறு எந்த வீட்டிலும் நான் கேள்விப்பட்டதில்லை. கிறிஸ்துமஸ் கேக்குக்காக மழைக்காலம் தொடங்கும்போதே திராட்சை, முந்திரி, இஞ்சி முரப்பா, ஆரஞ்சுத்தோல் எல்லாவற்றையும் பொடியாக நறுக்கி ஜாடியில் ரம் ஊற்றி ஊறப் போடுவார்கள். ஜாடியின் வாயைக் கட்டுகிற வெள்ளைத் துணி இருக்கிறதே, அதைத்தான் டிசம்பரில் அவிழ்த்து, துவைக்காமல், நான்காக மடித்துத் தொட்டிலில் மெத்தையாகப் போடுவார்கள். மார்கழிப் பனியில் குழந்தைக்குக் குளிரக் கூடாதாம்.

குழந்தைக்குக் குளிர்ந்ததோ இல்லையோ, பெருச்சாளிக்கு வாசனை போய்விட்டது.

போன டிசம்பரில் ஒரு காலை, நான் பால் பாக்கெட் எடுக்க இறங்கினேன். மர்சலின் கூடத்து வாசலில் முறத்தோடு நின்றிருந்தார்.

"சார், சத்தம் போடாம வாங்க. தொட்டில்ல யாரோ படுத்துக்கினு கீறாங்க."

எட்டிப் பார்த்தேன். தொட்டில் நிரம்பி வழிந்து ஒரு பெருச்சாளி மல்லாந்து தூங்கிக்கொண்டிருந்தது. வாயோரத்தில் ஒரு திராட்சை. நான் எவ்வளவோ பெருச்சாளி பார்த்தவன். மயிலாப்பூர் தேரடியில் பிறந்தவனுக்கு அது வாகனம். ஆனால் இப்படி ஒன்றைப் பார்த்ததில்லை. முன்பொரு நாள் தெரு நாய் பிடிக்க வந்த வண்டி எங்கள் சந்தில் பாதி நுழைந்து, இதைப் பார்த்துவிட்டு, ஹாரன்கூட அடிக்காமல் பின்னாலேயே போய்விட்டது.

"ஜாடில பாதி காலி," என்றார் மர்சலின். "துன்னுட்டு, குடிச்சிட்டு, வந்து மாதா காலாண்ட படுத்துக்கினு கீது. குறட்டை வேற."

குறட்டை எனக்கும் கேட்டது. சுருதி சுத்தமாக இருந்தது. அந்த சீசனில் நான் கேட்ட பல கச்சேரிகளைவிடப் பரவாயில்லை.

அதைத் துடைப்பத்தால் விரட்டினோம். தள்ளாடிக்கொண்டே போயிற்று. போகிற போக்கில் கழுதையின் வலது காதைக் கடித்துக்கொண்டு போய்விட்டது.

அந்த ஞாயிறு பூசை முடிந்து ஃபிரெட்ரிக் வந்தார். ஸ்தனிஸ்லாஸின் தம்பி. ராஜா அண்ணாமலைபுரத்தில் லிஃப்ட் வைத்த கட்டடத்தில் வீடு. கோயில் காரியங்களைப் பார்க்கும் பங்குப் பேரவையில் பொறுப்பு. சட்டைப் பையில் எப்போதும் இரண்டு பேனா. குடில் முன்னால் முழங்காலிட்டுச் சிலுவை போட்டவர் எழுந்திருக்கவில்லை.

"அண்ணி, கழுதைக்குக் காது எங்க?"

"அதுக்கு ஒரு காது கேக்காது ஃபிரெட்ரிக். உனுக்கு ரெண்டும் கேக்குதுல்ல? வந்து குந்து, டீ போடறேன்."

"வெளையாடாதீங்க. எலி கடிச்சிக்கீது. பூட்டன் காலத்துலேந்து வர சொரூபம். ஈரம், எலி, கடக்காத்து. இன்னும் ரெண்டு வருஷம் இங்க இருந்தா சூசையப்பரு கைல கோலு மட்டும்தான் மிஞ்சும். எங்க வூட்ல ஷோகேஸ் கீது, ஏசி கீது, கண்ணாடி போட்டு லைட்டு போட்டு வெப்பேன்."

"மாதாவுக்கு ஏசி ஒத்துக்காது."

"அது உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

"சளி புடிச்சா கஷாயம் வெக்கறவ நானு. எனுக்குத் தெரியாதா?"

ஃபிரெட்ரிக் அண்ணனைப் பார்த்தார். அண்ணன் மின்விசிறியைப் பார்த்தார். கடைசியில் ஃபிரெட்ரிக் சொன்னது இதுதான்: கிறிஸ்துமஸுக்கு முந்தைய ஞாயிறு, தெருவாரியாகக் கூடும் கோயில் குழுவான அன்பியத்திலிருந்து குடில் போட்டிக்கு மார்க் போட வருவார்கள், அவரும் கூட வருவார். இன்னும் ஒரு சொரூபத்தில் ஒரு பல் பட்டிருந்தாலும், இல்லை அந்தப் பெருச்சாளி வீட்டுக்குள் இருப்பது தெரிந்தாலும், அன்றைக்கே தான் கொண்டுவரும் பெட்டியில் வைத்து எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போவார்.

"அண்ணன் ஒத்துக்கினாரு," என்றார்.

"எப்ப ஒத்துக்கினாரு?"

"இப்ப. ஒண்ணும் சொல்லலியே."

அவர் போன பிறகு மர்சலின் கணவரிடம் கத்தவில்லை. நெத்திலி ஆய்ந்துகொண்டே சொன்னார்: "தாலி கட்ன அன்னிக்கு உங்க அம்மா இந்த சொரூபங்கள என் கைல குடுத்தாங்க. 'மருமகளே, எம் புள்ள எதையும் காப்பாத்த மாட்டான், நீ காப்பாத்து'ன்னாங்க. நான் சாவற வரைக்கும் மாதா இந்த வூட்ட உட்டு ஒரு அடி நகர மாட்டாங்க. ஃபிரெட்ரிக் வரட்டும், பிஷப் வரட்டும். நகராது."

முதலில் எலிப்பொறி வைத்தார்கள். காலையில் பொறியைக் காணவில்லை. எதிர்வீட்டுப் பூனையைக் கொண்டுவந்து விட்டார்கள். அது பார்த்தது, யோசித்தது, குட்டிகளைக் கவ்விக்கொண்டு ராயப்பேட்டைக்குக் குடி போய்விட்டது. அங்கே சவுக்கியமாக இருப்பதாகக் கேள்வி. விஷம் வைக்கலாம் என்றேன் நான்.

"விஷத்தத் துன்னுட்டு எங்க போயி சாவும்?" என்றார் மர்சலின். "தொட்டில்லதான் சாவும். பாலன் படுக்கற எடத்துல பொணம் வெக்கச் சொல்றீங்களா சார்? அதுவுமில்லாம கேக் பண்ற வூட்ல விஷமா? சுடணும். ஒரே அடி. நின்ன எடத்துல போவணும்."

ஸ்தனிஸ்லாஸ் முதல்முறையாக மின்விசிறியிலிருந்து கண்ணை இறக்கினார்.

"ஏர்கன்னுல டூ டூ வாங்கலாம்," என்றார்.

"டாடி, சொம்மா இருங்க," என்றாள் சான்ட்ரா. "வாங்கறதுன்னா ஒன் செவன்ட்டி செவன்தான். கிளப் துப்பாக்கிய வூட்டுக்குக் கொண்டாற முடியாது. நமக்குன்னு ஒண்ணு இருந்தா அப்பால நான் மாடில பிராக்டிஸ் பண்ணிக்குவேன். டூ டூவ எடுத்துக்கினு மேட்ச்சுக்குப் போனா வாசல்லயே நிறுத்திடுவாங்க."

"மேட்ச்சுக்கா வாங்கறோம்? வேட்டைக்கு. பழவேற்காட்டுல நானு—"

"நீங்க பழவேற்காட்டுல சுட்டது வடை," என்றார் மர்சலின். "ரெண்டு பேரும் செருப்பப் போடுங்க."

மவுண்ட் ரோட்டிலிருந்து பிரியும் சந்து ஒன்றில் பீர் முஹம்மதுவின் துப்பாக்கிக் கடை. அவருடைய தாத்தா காலத்தில் ஜமீன்தார்கள் வந்து போன கடை. இப்போது அப்பார்ட்மென்ட்காரர்கள் புறாவுக்கு வலை கேட்டு வந்து, தப்பான கடை என்று தெரிந்து திரும்பிப் போகிறார்கள். துணைக்கு நானும் போயிருந்தேன். பீர் முஹம்மது எங்கள் நான்கு பேரையும் பார்த்துவிட்டு டீ சொன்னார்.

"டார்கெட்டாம்மா, வேட்டையாம்மா?"

"பெருச்சாளி. தூங்கிக்கினு இருக்கும். எட்டடி தூரம்."

"அது டார்கெட்டுக்கும் வேட்டைக்கும் நடுவுல வருது," என்று ஒப்புக்கொண்டார் அவர். இரண்டு துப்பாக்கிகளைக் கண்ணாடி மேசைமேல் படுக்க வைத்தார். பார்க்க இரண்டும் அண்ணன் தம்பி மாதிரிதான். குழலின் வாய்தான் வேறு. ஒன்றில் மிளகு நுழையும், மற்றதில் பட்டாணி நுழையும். அப்படியே இரண்டு டப்பி குண்டையும் திறந்து காட்டினார். இடுப்பு சிறுத்த ஈயக் குண்டுகள். பாவாடை கட்டிய பொம்மைகள் மாதிரி.

"இது ஒன் செவன்ட்டி செவன். நாலரை மில்லிமீட்டரு. லேசு, வேகம், கோடு போட்டாப்ல நேரா போவும். போட்டில ஒலகம் பூரா இதான். இது டூ டூ. அஞ்சரை மில்லிமீட்டரு. கனம். கொஞ்சம் மெதுவா, கொஞ்சம் வளைஞ்சி போவும். ஆனா பட்டா பட்டதுதான். காகிதம்னா சின்னது, கறின்னா பெருசு. எங்க வாப்பா அப்பிடித்தான் சொல்வாரு."

"நான் இன்னா சொன்னேன்?" என்றார் ஸ்தனிஸ்லாஸ்.

"எட்டடில ரெண்டுமே நேராதான் போவும் டாடி. குறி கரெக்டா இருந்தா சின்னதே போதும். அது உள்ள பூந்து அந்தப் பக்கம் போயிடும்."

"எந்தப் பக்கம் போவும்?" என்று கேட்டார் மர்சலின்.

"இந்தப் பக்கம் பூந்து அந்தப் பக்கம், மம்மி."

"அந்தப் பக்கம் மாதா கீறாங்க."

டீ கொண்டுவந்தவன்கூடக் கிளாஸை மெதுவாக வைத்தான்.

"எனுக்கு வேகமும் வேணாம், கோடும் வேணாம்," என்றார் மர்சலின். "உள்ள போற குண்டு உள்ளயே நிக்கணும். எது நிக்கும்? அத்த மட்டும் சொல்லுங்க."

பீர் முஹம்மது தாடியைத் தடவினார். "இத்தினி வருஷமா எல்லாரும் முன்னாடி இன்னா கீதுன்னுதான் கேப்பாங்க. பின்னாடி இன்னா கீதுன்னு ஒருத்தரும் கேட்டதில்ல. டூ டூ நிக்கும்னு சொல்வாங்க. ஆனா மாதா விசயம். சொம்மா சொல்லிட்டு அனுப்ப மாட்டேன். நாளிக்கி ரெண்டயும் எடுத்துக்கினு நானே வூட்டுக்கு வரேன். அடிச்சே பாத்துரலாம்."

மறுநாள் காலை தூறல் விட்டிருந்தது. கடல் காற்று தென்னை மட்டைகளை ஒரு பக்கமாகச் சீவிக்கொண்டிருந்தது. பீர் முஹம்மது பைக்கில், முதுகில் இரண்டு நீளப் பையோடு வந்து இறங்கினார். மர்சலின் அதற்குள் கிறிஸ்துமஸ் பலகாரமான கல்கல் செய்ய மைதா, தேங்காய்ப்பால், முட்டை போட்டுப் பிசைந்த மாவிலிருந்து பெரிய உருண்டை ஒன்றை எடுத்து, பின்கட்டு மதில்மேல் பெருச்சாளி பிடித்து வைத்திருந்தார். தையல்காரர் கை, அளவு தப்பவில்லை. மீசைக்குத் துடைப்பக் குச்சி. அதைப் பார்த்து ஒரு காகம் அலறிக்கொண்டு அடையாறு பக்கம் பறந்துவிட்டது.

"பின்னாடி மாதாவுக்குப் பதில் இன்னா வெக்கறது?" என்றார் பீர் முஹம்மது.

நான் மாடிக்குப் போய் உளுந்து அப்பளம் கொண்டுவந்தேன். பொரிக்காதது. எங்கள் அகத்தில் அப்பளத்துக்குக் குறைவில்லை. ஒன்றை மாவுப் பெருச்சாளிக்குப் பின்னால் செங்கல்லில் சாய்த்து நிறுத்தினார்கள். குண்டு நின்றுவிட்டால் அப்பளம் பிழைக்கும். வெளியே வந்தால் அப்பளம் போகும். எளிய ஏற்பாடு.

முதலில் சின்னது. சான்ட்ரா குழலை மடக்கி, குண்டு போட்டு, மூச்சைப் பாதி விட்டு நிறுத்திச் சுட்டாள். ஒரு விரல் சொடுக்கின மாதிரி சத்தம். மாவில் ஊசிக் குத்து. அப்பளத்தின் நடுவில் அழகான வட்ட ஓட்டை. குண்டு அதோடும் நிற்கவில்லை. மதிலைத் தாண்டி, பின்தெருத் தென்னையில் ஒரு இளநீரைத் துளைத்து, கடற்கரைச் சாலையைக் கடந்து, கலங்கரை விளக்கத்தில் போய்ப் பட்டது. அன்றிலிருந்துதான் அது விட்டு விட்டு எரிகிறது.

"பாத்தியா, இன்னா ஆக்குரசி," என்றாள் சான்ட்ரா.

"மாதா பூட்டாங்க," என்றார் மர்சலின், அப்பளத்தைத் தூக்கிக் காட்டி. "அடுத்தது."

பெரியதை ஸ்தனிஸ்லாஸ் சுடுவேன் என்றார். சுட்டார். குண்டு எங்கே போயிற்று என்று இன்றுவரை தெரியாது. சத்தம் கேட்டது, அவ்வளவுதான். பிறகு மர்சலினே வாங்கினார். கண்ணாடியைக் கழற்றி என்னிடம் கொடுத்தார். ஊசியில் நூல் கோக்கும் கண் அது, கண்ணாடி பேப்பர் படிக்க மட்டும். சுட்டார். மாவுப் பெருச்சாளி அடிவயிற்றில் உதை வாங்கின மாதிரி ஒரு முறை குலுங்கியது. மீசை உதிர்ந்தது. அப்பளம் அப்படியே நின்றது.

பீர் முஹம்மது அப்பளத்தை வெளிச்சத்துக்குத் தூக்கி, திருப்பித் திருப்பிப் பார்த்தார். "கீறல் இல்ல." மாவைப் பிளந்து ஈயக் குண்டை எடுத்தார். தலை நசுங்கிக் காளானாக விரிந்திருந்தது. "பெருசு உள்ள போயி உக்காந்துக்கிச்சி. சின்னது விருந்தாளி மாதிரி வந்து பூட்டுது."

"மம்மி," என்றாள் சான்ட்ரா, "ஒன்னு சொல்லவா? டூ டூவா இருந்தாலும் நான் சுட மாட்டேன். நான் காகிதம் சுடறவ. தூங்கறத சுட மாட்டேன்."

"உன்ன யாரு கேட்டா?"

"டாடியால முடியாது."

"தெரியும். மதிலு கூட அவருக்குத் தப்பிச்சிடும். நான் சுடறேன்."

அந்த மாவை யாரும் தொடக் கூடாது, ஈயம் பட்டது என்று மண்ணில் புதைக்கச் சொன்னார். ஸ்தனிஸ்லாஸ் புதைத்தார். புதைத்த இடத்தில் பின்னால் என்ன முளைத்தது என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள் என்பதால் சொல்லவில்லை. உண்மையை மட்டுமே சொல்வதாகச் சத்தியம் செய்திருக்கிறேன். எல்லா உண்மையையும் என்று சொல்லவில்லை.

அந்த வாரம் முழுக்க மர்சலின் பழகினார். சமையல் ஆனதும் தையல் மிஷினைக் கூடத்தின் இந்தக் கோடியில் போட்டு, அதன் பலகைமேல் தலையணை, தலையணைமேல் பீர் முஹம்மதுவிடம் வாங்கின டூ டூ. முக்காலியில் உட்கார்ந்து, பின்கட்டில் துவைக்கிற கல்மேல் நிறுத்திய தீப்பெட்டியைச் சுடுவார். முதல் நாள் தீப்பெட்டி சாய்ந்தது. பிறகு குச்சியை நிறுத்தினார். கடைசியில் குச்சி எரிய ஆரம்பித்தது. மீன்காரிகள் கூடையை இறக்கி வைத்துவிட்டு வேடிக்கை பார்த்தார்கள்.

"இன்னா யக்கா, யாரப் போடப் போற?"

"சொந்தக்காரங்கதான்."

"அப்ப நல்லா பழகிக்க. சங்கரா கீது, வாங்கறியா?"

ஞாயிறு வந்தது. மதிய உணவு முடிந்து தெருவே கண்ணயரும் நேரம். பெருச்சாளி வழக்கத்தைவிடச் சீக்கிரமே வந்து, ஜாடியில் மிச்சமிருந்ததை முடித்துவிட்டு, தொட்டிலில் ஏறிப் படுத்தது. முதுகை எங்கள் பக்கம் காட்டிக்கொண்டிருந்தது. அதற்குப் பின்னால் ஒரு சாண் தூரத்தில் மாதா, கையைக் கூப்பியபடி. மர்சலின் குழலை மடக்கினார். பெரிய குண்டு ஒன்றை விரலால் அழுத்தி உள்ளே போட்டார். நான், ஸ்தனிஸ்லாஸ், சான்ட்ரா மூவரும் சுவரோடு ஒட்டி நின்றோம். குறட்டை இல்லை. அது எனக்கு அப்போதே வித்தியாசமாகப் பட்டது.

வாசலில் கார் நின்றது. ஃபிரெட்ரிக் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பக்கவாட்டுச் சந்து வழியாகப் பின்கட்டுக்குப் போய், மார்க் போட்டு முடியும்வரை அங்கே இருக்கட்டும் என்று துவைக்கிற கல்மேல் வைத்துவிட்டு வந்தார். கூடத்துக் கதவு நேராகப் பின்கட்டுக்குத் திறந்திருந்ததால் பெட்டி எங்களுக்குத் தெரிந்தது. தேக்குப் பெட்டி, உள்ளே கம்பளி அடைத்தது. அவருக்குப் பின்னால் அன்பியத்து அக்காமார் இரண்டு பேர், மார்க் போட அட்டையோடு.

"அண்ணி, இன்னா இது?"

"அசையாத," என்றார் மர்சலின், கண்ணைக் குறியிலிருந்து எடுக்காமல்.

பெருச்சாளி புரண்டது. அப்போதுதான் எல்லாரும் பார்த்தோம். ரம் நாறும் அந்த வெள்ளைத் துணியில், அதன் வயிற்றோரமாக, விரல் நுனி அளவில், ரோஜா நிறத்தில், கண் திறக்காத குட்டிகள். ஒன்றின்மேல் ஒன்று ஏறி முட்டிக்கொண்டிருந்தன. தாய் தலையை மட்டும் தூக்கி மர்சலினைப் பார்த்தது. ஓடவில்லை.

அக்காமாரில் ஒருவர் சிலுவை போட்டார். மற்றவர் என்ன மார்க் என்று தெரியாமல் பேனாவைக் கடித்தார்.

ஃபிரெட்ரிக்தான் முதலில் பேசினார். "பிரசவமே ஆயிக்கீது. மாதா முன்னாடி. பாலன் தொட்டில்ல. இதுக்கு மேல இன்னா பேச்சு? சொன்னாப்ல நான் எடுத்துக்கினு போறேன். அண்ணா, பெட்டிய உள்ள கொண்டா."

ஸ்தனிஸ்லாஸ் அசையவில்லை. ஆனால் மின்விசிறியைப் பார்க்கவும் இல்லை.

"ஃபிரெட்ரிக்," என்றார் மர்சலின். "நீ பங்குப் பேரவைல கீற. உனுக்கு நெறைய தெரியும். சத்திரத்துல எடமில்ல, போன்னு ஒருத்தன் கதவ சாத்துனானே, அவன் பேரு இன்னா?"

"யாரு?"

"மாதா வயித்துல புள்ளயோட வந்து நின்னப்ப."

ஃபிரெட்ரிக் யோசித்தார். அக்காமாரைப் பார்த்தார். அவர்களுக்கும் தெரியவில்லை.

"பேரு கெடையாது," என்றார் மர்சலின். "எழுதனவங்க அவன் பேர எழுதக்கூட இல்ல. நீ போய் அவன் பக்கத்துல நிக்கிறியா?"

"அண்ணி, இது பெருச்சாளி."

"தெரியும். ஒரு வாரமா அதோட முதுகத்தான பாத்துக்கினு கீறேன்."

"சுடத்தான துப்பாக்கி வாங்குனீங்க? சுடுங்க. இல்ல சும்மா பயம் காட்டறதுக்கா? சுட்டுட்டீங்கன்னா நான் கெளம்பறேன். சொரூபம் இங்கயே இருக்கட்டும். எல்லார் முன்னாலயும் சொல்றேன்."

அப்படிச் சொன்னது ஃபிரெட்ரிக் செய்த ஒரே தப்பு. மர்சலின் முக்காலியில் அப்படியே திரும்பினார். குழல் குடிலை விட்டு நகர்ந்தது, சுவரைக் கடந்தது, திறந்திருந்த கதவைக் கடந்தது. சுட்டார்.

துவைக்கிற கல்மேல் இருந்த பெட்டி ஒரு முறை குலுங்கியது.

"சுட்டுட்டேன்," என்றார். "கெளம்பு."

ஃபிரெட்ரிக் பின்கட்டுக்குப் போய்ப் பெட்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். முன்பக்கம், பூட்டுக்கு மேலே சரியாக நடுவில் ஒரு ஓட்டை. பின்பக்கம் ஒன்றுமில்லை.

"தேடாத," என்றார் மர்சலின். "உள்ளயே நிக்கும். பாத்து வாங்கனது."

"பெருச்சாளியத்தான் சுடச் சொன்னேன்."

"சுடுன்னுதான் சொன்ன. அக்கா, இன்னா சொன்னாரு?"

"சுடுன்னுதாம்பா சொன்ன," என்றார் பேனா கடித்த அக்கா. இன்னொருவர் தலையாட்டினார்.

"அண்ணா, நீ இன்னா சொல்ற?"

ஸ்தனிஸ்லாஸ் தொண்டையைச் செருமினார். நாற்பது வருடம் கிரேன் ஓட்டியவர் முதல்முறையாகத் தரையில் நின்று பேசினார். "டீ குடிச்சிட்டுப் போ ஃபிரெட்ரிக். பெட்டிய நீயே தூக்கிக்கினு போ. எனுக்கு முதுகு வலி."

கார் போகும்வரை மர்சலின் துப்பாக்கியைக் கீழே வைக்கவில்லை. பிறகு ஒரு தட்டில் சோறும், சங்கராவின் தலையும் கொண்டுவந்து குடிலின் கேழ்வரகுப் பயிர் ஓரமாக வைத்தார். "புள்ள பெத்தவ வெறும் ரம்மக் குடிச்சிக்கினு இருந்தா ஒடம்பு இன்னாத்துக்கு ஆவும்?" என்றார், யாரிடம் என்று சொல்லாமல்.

அந்த வருடம் எங்கள் சந்துக்குத்தான் குடில் போட்டியில் முதல் பரிசு. அட்டையில் 'இயற்கைத் தன்மை' என்ற இடத்தில் இருக்கிற மார்க்குக்கு மேலேயே போட்டிருந்தார்கள். இருபத்துநாலாம் தேதி பாலனைக் கல்யாணப் புடவையிலிருந்து எடுத்தபோது தொட்டிலில் இடமில்லை. மர்சலின் கொஞ்சமும் தயங்கவில்லை. பக்கத்தில் வைக்கோல் பரப்பிப் படுக்க வைத்தார். பாலன் கோபித்துக்கொண்ட மாதிரித் தெரியவில்லை. கேக்குக்குப் பழம் இல்லாததால் அந்த முறை எல்லாருக்கும் கல்கல்தான். சான்ட்ரா இன்னும் ஒன் செவன்ட்டி செவன் வாங்கச் சொல்லி நச்சரிக்கிறாள். பீர் முஹம்மது தன் கடையில் இப்போது துப்பாக்கி கேட்டு வருகிறவர்களிடம் முதல் கேள்வியாக, பின்னாடி என்ன இருக்கிறது என்று கேட்கிறார்; பாதிப் பேர் பதில் சொல்லத் தெரியாமல் டீயைக் குடித்துவிட்டுப் போய்விடுகிறார்கள். மர்சலின் தெருவில் நடந்தால் பங்குப் பேரவைக்காரர்கள் தாமாகவே வழிவிடுகிறார்கள்.

மாதா, சூசையப்பர், பாலன், கழுதை, மாடு எல்லாவற்றையும் ஃபிரெட்ரிக் நான் சொன்ன அந்த டிசம்பருக்கும் முன்னாலேயே, ஈஸ்டர் முடிந்த கையோடு வேன் வைத்து எடுத்துக்கொண்டு போய்விட்டார். அன்று மர்சலின் வீட்டில் இல்லை.